அண்டம் எப்படித் தோன்றியது? டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பள்ளி அறிவியல் கண்காட்சி, கோயில் சொற்பொழிவு, வாட்ஸ்அப் குழு என்று எங்கே இந்தப் பேச்சு எழுந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். அறிவியல் பகுதியில் அளந்து சொன்னது எது, ஊகம் எது என்று பிரித்திருக்கிறோம். சமயப் பகுதியில் அந்தந்த மரபு தன் வாயால் சொல்வதைத் தந்திருக்கிறோம். இரண்டையும் முடிச்சுப் போடும் கணக்குகளைச் சரிபார்த்தும் இருக்கிறோம்.

அறிவியல் சொல்வதை நாலு வரியில் சொல்ல முடியுமா?

சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று நாம் காணும் அண்டம் முழுவதும் மிக அடர்த்தியாகவும் மிக வெப்பமாகவும் இருந்தது. அன்றிலிருந்து அது விரிந்துகொண்டும் குளிர்ந்துகொண்டும் வருகிறது. முதல் சில நிமிடங்களில் ஹைட்ரஜன், ஹீலியம் அணுக்கருக்கள் உருவாயின. 3,80,000 ஆண்டுகள் கழித்து வெப்பநிலை 3000 கெல்வின் அளவுக்கு இறங்கியபோது எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு சேர்ந்து முழு அணுக்கள் ஆயின. அதுவரை சிக்கிக் கிடந்த ஒளி விடுபட்டது. பத்து, இருபது கோடி ஆண்டுகளில் முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கின. பூமி ரொம்பப் பின்னால் வந்தது, வயது 454 கோடிதான். நாம் கையில் தொடும் கனமான தனிமங்கள், தஞ்சைச் செப்புத் திருமேனிகளின் செம்பு உட்பட, விண்மீன்களின் வாழ்விலும் சாவிலும் உண்டானவை.

நாலு வரி கொஞ்சம் நீண்டுவிட்டது. 1380 கோடி ஆண்டை நாலு வரியில் அடக்கினால் இப்படித்தான் ஆகும்.

பெருவெடிப்பு என்கிறார்களே, எந்த இடத்தில் வெடித்தது?

எந்த இடத்திலும் இல்லை. வெற்று வெளியின் நடுவே ஒரு வெடிகுண்டு வெடித்துச் சிதறியதாகப் பாடநூல் படங்கள் காட்டுவது தவறான மனச்சித்திரம். விரிந்தது அண்டவெளிதான். ஆகவே நடுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. எங்கே நின்று பார்த்தாலும் மற்றதெல்லாம் விலகிப் போவதாகத்தான் தெரியும்.

கண்காட்சிக்கு இதைச் செய்து காட்டலாம். உருண்டையான பலூன் ஒன்று, ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று, நூல், ஸ்கேல் போதும். பலூனை முதலில் ஓரளவு ஊதி, ஒரே வரிசையில் மூன்று பொட்டு ஒட்டுங்கள். முதல் பொட்டிலிருந்து இரண்டாவது 2 செ.மீ., மூன்றாவது 5 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நூலைப் பலூன் மேல் படியவைத்துத்தான் அளக்க வேண்டும். பலூன் இரண்டு மடங்கு பெரிதாகும்வரை ஊதி மறுபடி அளந்தால் 4, 10 என்று வரும். அதே நேரத்தில் பக்கத்துப் பொட்டு 2 செ.மீ. நகர்ந்தது, தூரத்துப் பொட்டு 5 செ.மீ. நகர்ந்தது. தொலைவு கூடினால் வேகம் கூடுகிறது என்பது இதுதான். வேறு பொட்டிலிருந்து அளந்தாலும் இதே விகிதம்தான்.

இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு மூன்று. பேனாவால் புள்ளி வைத்தால் புள்ளியும் சேர்ந்து பெரிதாகும். நிஜத்தில் விண்மீன் திரள்கள் ஈர்ப்பால் கட்டுண்டவை, அவை பெருப்பதில்லை, இடைவெளிதான் பெருக்கிறது. அதனால்தான் பொட்டு. பலூன் வாய்ப்பக்கம் ரப்பர் தடிப்பாக இருப்பதால் அங்கே ஒட்டினால் விகிதம் சரியாக வராது. மூன்றாவது, பார்க்க வரும் பிள்ளை “பலூனுக்குள்ளே நடுப்புள்ளி இருக்கிறதே” என்று கேட்கும். நல்ல கேள்வி. இந்த விளையாட்டில் பலூனின் மேல்தோல் மட்டுமே அண்டம், உள்ளே இருக்கும் காற்று கணக்கில் இல்லை என்பதை முதலிலேயே அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள்.

யாரும் பார்க்காததை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே கதையைச் சொல்வதால்.

முதலாவது செம்பெயர்ச்சி. ஹைட்ரஜன் வெளிவிடும் ஒரு சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் விழும். தொலைவிலுள்ள ஒரு விண்மீன் திரளின் நிறமாலையில் அதே கோடு 662.9-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் நூற்றில் ஒரு பங்கு நீண்டிருக்கிறது. அப்படியானால் அது ஒளிவேகத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 3000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. தொலைவு சுமார் 14 கோடி ஒளியாண்டு. பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர் 1927-இலும் அமெரிக்காவின் எட்வின் ஹபிள் 1929-இலும் இந்தத் தொலைவு–வேக உறவை வெளியிட்டார்கள்.

இரண்டாவது, அந்த முதல் வெப்பத்தின் மிச்சம். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் கொம்பு வடிவ ஆண்டெனா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரே அளவு இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக் கழுவித் துடைத்தும் இரைச்சல் போகவில்லை. அது வானம் முழுவதிலிருந்தும் வரும் நுண்ணலை. இன்றைய துல்லிய அளவு 2.725 கெல்வின். 3000 கெல்வினில் புறப்பட்ட ஒளி, வெளி விரிய விரிய அலைநீளம் ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டு இப்படிக் குளிர்ந்திருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் அந்த ஒளித்துகள்கள் 400 போல இந்த நொடியிலும் இருக்கின்றன. கோபி (COBE) செயற்கைக்கோள் 1992-இல் இதில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வுகள் இருப்பதைக் கண்டது. விண்மீன் திரள்கள் முளைத்த விதை அவைதான்.

மூன்றாவது, ஹீலியத்தின் அளவு. பழமையான வாயுக்களை எங்கே அளந்தாலும் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம். இவ்வளவு ஹீலியத்தை விண்மீன்கள் மட்டும் சமைத்திருக்க முடியாது. முதல் சில நிமிட வெப்பத்தைக் கணக்கிட்டால் இதே கால் பங்கு வருகிறது.

1380 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது? பிளஸ் டூ மாணவர் போட்டுப் பார்க்க முடியுமா?

தோராயமாகப் போடலாம். விரிவு வேகத்தை ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு நொடிக்கு 70 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெகாபார்செக் என்பது 3.086 × 10¹⁹ கி.மீ. அதை 70-ஆல் வகுத்தால் 4.41 × 10¹⁷ நொடி. ஓர் ஆண்டுக்கு 3.156 × 10⁷ நொடி. மறுபடி வகுத்தால் 1.4 × 10¹⁰, அதாவது 1400 கோடி ஆண்டு.

மெகாபார்செக்கைக் கிலோமீட்டராக மாற்ற மறப்பதுதான் விடைத்தாளில் அதிகம் காணும் பிழை. அடுத்தது, இந்தக் கணக்கு விரிவு வேகம் என்றும் மாறவில்லை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் முதலில் ஈர்ப்பால் விரிவு தளர்ந்தது, கடந்த சில நூறு கோடி ஆண்டுகளாக முடுக்கம் பெற்றிருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டுவதால்தான் எளிய கணக்கே கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. சரியான எண்ணைப் பிளாங்க் செயற்கைக்கோளின் நுண்ணலை வரைபடத்திலிருந்து எடுக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் “13.8 கோடி” என்று வந்தால் நம்பாதீர்கள். ஒரு பில்லியன் நூறு கோடி, ஆகவே 13.8 பில்லியன்தான் 1380 கோடி.

அதற்கு முன்னே என்ன இருந்தது?

அறிவியலிடம் இதற்குச் சோதித்த விடை கிடையாது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பின்னோக்கி ஓட்டினால் ஒரு கட்டத்தில் அடர்த்தி முடிவிலியாகிறது. சமன்பாடு அங்கே உடைந்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள், அண்டம் அங்கே பிறந்தது என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. முதல் 10⁻⁴³ நொடிக்கு ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைத்த கோட்பாடு வேண்டும், அது இன்னும் கைக்கு வரவில்லை. காலத்துக்கே விளிம்பு இல்லை என்ற ஹார்ட்டில்–ஹாக்கிங் மாதிரி (1983), அண்டம் சுற்றிச் சுற்றி வருகிறது என்ற பென்ரோஸ் மாதிரி ஆகியவை ஊகங்கள். நல்ல ஊகங்கள், அவ்வளவுதான்.

சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது? சிவன் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்தாரா?

இல்லை. மேடைப் பேச்சாளர்களே சறுக்கும் இடம் இது. தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்கள் பல நூற்றாண்டுகளாகப் பாடம் சொல்லிவரும் சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. இறைவன், உயிர்கள், அவற்றைப் பிணிக்கும் ஆணவம், கன்மம், மாயை எதற்கும் பிறந்தநாள் கிடையாது. உள்ளதுதான் தோன்றும், இல்லாதது தோன்றாது என்ற சற்காரியவாதம் இதன் அடிப்படை.

குடத்தை வைத்து விளக்குவார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். மாயையிலிருந்து 36 தத்துவங்கள் படிப்படியாக விரிகின்றன: சிவ தத்துவம் 5, வித்தியா தத்துவம் 7, ஆன்ம தத்துவம் 24. மண், நீர் முதலான ஐம்பூதங்கள் கடைசியில்தான் வருகின்றன. மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே வாதத்தை வைத்துவிடுகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது. எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மறுபடி தோன்றுகிறது. தோன்றக் காரணம் உயிர்களின் மலம், அதாவது மேலே சொன்ன பாசம், இன்னும் கழியாதது. ஆகவே அந்தத்தை, அதாவது ஒடுக்கத்தை, செய்பவனே ஆதி.

கவனிக்க வேண்டியது, இங்கே கேள்வி “எப்போது தோன்றியது” என்பதே அல்ல. எதற்காகத் தோன்றியது என்பது. உயிர்கள் வினையை அனுபவித்துக் கழிக்க உடலும் உலகமும் தரப்படுகின்றன, இளைப்பாற ஒடுக்கப்படுகின்றன. இதற்குத் தொலைநோக்கியால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஏழு வித்தியா தத்துவங்களில் ஒன்று காலம். காலமும் மாயையிலிருந்து தோன்றிய பொருள் என்பது சித்தாந்தம். இதைக் கேட்டதும் “ஐன்ஸ்டைன் சொன்னதை நாங்கள் அன்றே சொன்னோம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். சித்தாந்தத்தின் காலம் உயிரின் அனுபவத்தை இறந்தது, நிகழ்வது, எதிர்வது என வரையறுப்பது. ஐன்ஸ்டைனின் காலம் கடிகாரத்தால் அளக்கப்பட்டு, ஈர்ப்பால் வளைவது. பெயர் ஒன்று, பொருள் வேறு.

கும்பகோணத்துக் குடமும் சீர்காழித் தோணியும் பிரளயத்துக்குச் சான்று ஆகுமா?

தலபுராணப்படி, பிரளயத்துக்கு முன் அமுதமும் படைப்பு வித்துகளும் வைத்த கும்பம் வெள்ளத்தில் மிதந்து வந்து தங்கிய ஊர் கும்பகோணம். சிவன் வேடனாக வந்து அம்பெய்து அதை உடைத்தார். அம்பு எய்த இடம் பாணபுரீசுவரர் கோயில். குடத்தின் வில்வம் விழுந்த இடம் நாகேசுவரர், உறி விழுந்த இடம் சோமேசுவரர், பூணூல் விழுந்த இடம் கௌதமேசுவரர். உடைந்த குடத்தின் மண்ணையும் அமுதத்தையும் பிசைந்து செய்த லிங்கமே ஆதி கும்பேசுவரர் என்பதால்தான் மூலவருக்கு நீர் அபிஷேகம் இல்லை. சீர்காழியில் இறைவன் 64 கலைகளோடு தோணியில் வந்து தங்கினார். நடுத்தளத்துக்கு ஏறினால் தோணியப்பரைப் பார்க்கலாம், ஊருக்கும் தோணிபுரம் என்று ஒரு பெயர்.

இரண்டும் தண்ணீரில் முடிந்து தண்ணீரிலிருந்து தொடங்கும் கதைகள். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலின் மேல், கடலை ஒட்டி வாழும் ஊரில் வேறு எப்படி இருக்கும்? ஆனால் இவற்றைப் புவியியல் ஆவணமாக வாசிக்கக் கூடாது. டெல்டாவின் மண்ணே பூமியின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றுப் படிந்தது. ஒரு நகரத்தின் கோயில்களை ஒரே கதையால் கோத்துக் காட்டும் வேலையைத் தலபுராணம் அழகாகச் செய்திருக்கிறது.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி. இது எப்படிப் பொருந்துகிறது?

பொருந்தவில்லை. டெல்டாவில் அதிகம் சுற்றும் செய்தி இதுதான் என்பதால் கணக்கை முழுதாகப் போடுவோம்.

ஒரு சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. ஆயிரம் சதுர்யுகம் பிரம்மாவின் ஒரு பகல், அதாவது ஒரு கல்பம்: 432 கோடி. இது கல்பத்தின் மொத்த நீளம். இதில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்பதைக் கோயிலில் அர்ச்சனை சங்கல்பமே சொல்கிறது: த்விதீய பரார்த்தே, ஸ்வேத வராஹ கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதி தமே, கலியுகே, ப்ரதமே பாதே. இதை எண்ணாக்கலாம். வைவஸ்வதம் ஏழாவது மன்வந்தரம், ஆகவே ஆறு முடிந்துவிட்டன. ஒரு மன்வந்தரம் 71 சதுர்யுகம், 30 கோடியே 67 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டு. ஆறுக்கு 184 கோடியே 3 லட்சத்து 20 ஆயிரம். மன்வந்தரங்களை ஒட்டி வரும் இடைவெளியான சந்தி காலம் ஏழு, ஒவ்வொன்றும் 17,28,000 ஆண்டு. மொத்தம் 1 கோடியே 20 லட்சத்து 96 ஆயிரம். நடப்பது 28-ஆவது சதுர்யுகம், முடிந்தது 27. அதற்கு 11 கோடியே 66 லட்சத்து 40 ஆயிரம். கிருத, திரேதா, துவாபர யுகங்களுக்கு 38,88,000. கலியில் கி.மு. 3102 முதல் 5100-க்குச் சற்று மேல். கூட்டினால் 197 கோடியே 29 லட்சம்.

ஆக, மரபுக் கணக்குப்படி இந்தக் கல்பம் தொடங்கி 197 கோடி ஆண்டு. பூமியின் 454 கோடியோடும் சேரவில்லை, அண்டத்தின் 1380 கோடியோடும் சேரவில்லை. பிரம்மாவின் ஆயுளைத் தொடக்கமாக வைத்தாலும் உதவாது. “த்விதீய பரார்த்தே” என்றால் அவருக்கு ஐம்பது வயது முடிந்து இரண்டாம் பாதி நடக்கிறது. கழிந்தது 1,55,52,000 கோடிக்கும் மேல். முழு நீளத்தை எடுத்துக் கழிந்த காலத்தோடு ஒப்பிடுவதுதான் அந்தச் செய்தியின் தவறு. பழையவர்கள் கோடிக்கணக்கில் காலத்தை நினைத்துப் பார்க்கத் துணிந்தார்கள் என்பது உண்மை, அதுவே பெரிய விஷயம். எண் பொருந்துகிறது என்பது மட்டும் பொய்.

“நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன” என்று மாணிக்கவாசகர் பாடியிருக்கிறாரே? விரியும் அண்டம் அதில் இல்லையா?

தில்லையில் அருளியதாகச் சொல்லப்படும் திருவண்டப்பகுதியின் தொடக்கம் அது. மேற்கோள் காட்டுபவர்கள் அந்த வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியைப் படியுங்கள்: இன்னுழை கதிரின் துன்னணுப் புரைய, சிறிய ஆகப் பெரியோன். வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசியைப் போல, அத்தனை கோடி அண்டங்களும் சின்னதாகும்படி அவன் பெரியவன் என்கிறார். காலை வெயில் ஓட்டு இடுக்கு வழியாக அடுக்களைக்குள் விழும்போது ஆடும் தூசியைப் பார்த்தவர்களுக்கு இந்த வரி உடனே புரியும். அண்டங்கள் எண்ணிக்கையில் பரந்து கிடக்கின்றன என்பதே பேச்சு. நேற்றைவிட இன்று விலகிப் போயின என்ற செய்தி அதில் இல்லை. அளவைப் பற்றிய இந்தக் கற்பனை எவ்வளவு துணிச்சலானது என்று ரசிப்பதற்கு ஹபிளின் சான்றிதழ் எதற்கு?

பரிபாடலின் இரண்டாம் பாடலையும் இப்படியே இழுக்கிறார்கள். வானம், காற்று, தீ, நீர், நிலம் என்று ஊழி ஊழியாகப் பூதங்கள் தோன்றும் வரிசை அதில் இருக்கிறது. அருமையான பாடல்தான். ஆனால் அறிவியல் வரிசையில் நீர் என்பது ஆக்சிஜன் வந்த பிறகே சாத்தியம், ஆக்சிஜன் வர விண்மீன்கள் எரிய வேண்டும்.

செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நடராசர் சிலை இருக்கிறதே?

இருக்கிறது. 2004-இல் இந்தியா பரிசாகக் கொடுத்து, ஜெனீவாவுக்கு அருகே அந்த வளாகத்தில் நிறுவப்பட்டது. உயரம் 2 மீட்டர். செர்னோடு இந்திய இயற்பியலாளர்களுக்கு நெடுங்கால உறவு உண்டு, அதன் அடையாளம். அங்கே நடக்கும் சோதனைகளுக்கும் சிலைக்கும் வேறு தொடர்பு இல்லை. உடுக்கையில் படைப்பு, அபய கரத்தில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய பாதத்தில் அருள் என்ற ஐந்தொழில் விளக்கம் சித்தாந்தத்தினுடையது.

வைணவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஸ்ரீரங்கத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த விசிட்டாத்வைதத்திலும் சூனியத்திலிருந்து படைப்பு கிடையாது. உயிரும் சடப்பொருளும் நாராயணனின் உடல். பிரளயத்தில் பெயரும் உருவும் இன்றிச் சூட்சுமமாக அவனிடம் ஒடுங்கியிருக்கும்; படைப்பில் தூலமாக விரியும். ஆலிலைமேல் கிடக்கும் குழந்தை உலகையெல்லாம் வயிற்றில் அடக்கியிருப்பது அந்த ஒடுங்கிய நிலையின் படம். சைவத்தோடு வேறுபடும் இடம், இங்கே மண்ணும் குயவரும் ஒருவரே.

பைபிள் ஆறு நாள் என்கிறது. பெருவெடிப்பை முதலில் சொன்னவரே ஒரு பாதிரியார் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. லெமைத்ர் 1923-இல் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு. 1931-இல் அண்டம் ஒரே ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று எழுதினார். 1951-இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர், இந்த அறிவியல் படைப்பை உறுதிப்படுத்துவதுபோலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கருதுகோள் எந்தச் சமயக் கேள்விக்கும் வெளியே நிற்பது, கடவுளை நம்புபவரும் நம்பாதவரும் அதை ஒன்றுபோல் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் நிலை. நாளை கோட்பாடு திருத்தப்பட்டால் நம்பிக்கையும் கூடவே ஆடுமே! போப்பாண்டவரும் பிறகு அந்த ஒப்பீட்டை வலியுறுத்தவில்லை. நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1966-இல் இறப்பதற்குச் சற்று முன் லெமைத்ருக்கு எட்டியது.

வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் போகும் கத்தோலிக்கர்களின் திருச்சபை ஆறு நாளை 24 மணி நேர நாளாகக் கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. ஆதியாகமத்திலேயே ஒளி முதல் நாளிலும் சூரியன் நாலாம் நாளிலும் வருவதைக் கவனித்து, அகுஸ்தீன் போன்ற பழைய ஆசிரியர்கள் அப்போதே நேர்ப்பொருளில் வாசிக்கத் தயங்கினார்கள். உலகோடு சேர்ந்துதான் காலமும் படைக்கப்பட்டது என்றவரும் அவரே. பேராயர் அஷர் 17-ஆம் நூற்றாண்டில் வம்சாவளிகளைக் கூட்டிக் கி.மு. 4004 என்றார், அதை ஒட்டி இன்றும் சில சபைகள் இளம் பூமி என்று போதிக்கின்றன. கதிரியக்கத்தால் கணித்த பாறைகளின் வயதுக்கு அது ஒத்துவராது.

குர்ஆனில் பெருவெடிப்பு இருக்கிறதா?

21:30 வசனம் வானங்களும் பூமியும் இணைந்திருந்தன, பிரித்தோம் என்கிறது. பலர் இதைப் பெருவெடிப்பு என்கிறார்கள். ஆனால் பெருவெடிப்பின்போது பூமி இல்லை. அதற்கு 900 கோடி ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பழைய விரிவுரைகளில், வானம் மழை பொழியாமலும் நிலம் முளைக்காமலும் மூடிக் கிடந்து பின் திறக்கப்பட்டன என்ற விளக்கமும் உண்டு. ஆறு நாட்களில் படைப்பு என்பதற்கும் (7:54) இறைவனிடம் ஒரு நாள் ஆயிரம் ஆண்டு போன்றது என்ற வசனத்தை (22:47) வைத்து, நாள் என்றால் கட்டம் என்று கொள்ளும் அறிஞர்கள் இருக்கிறார்கள். இஸ்லாமிய மரபின் பலம் இந்த ஒப்பீடுகளில் இல்லை, இடைக்கால அறிஞர் கஸ்ஸாலியின் தர்க்கத்தில் இருக்கிறது: தொடங்கியது எதற்கும் காரணம் உண்டு, உலகம் தொடங்கியது, ஆகவே அதற்குக் காரணம் உண்டு. இதற்குத் தத்துவவாதி இப்னு ருஷ்து எழுதிய மறுப்பும் அதே மரபுக்குள்தான்.

படைத்தவரே இல்லை என்று சொல்லும் சமயம் நம் பக்கம் இருந்ததா?

இருந்தது, சமணம் இன்றும் இருக்கிறது. தீபங்குடியிலும் மன்னார்குடியிலும் சமணக் கோயில்கள் உள்ளன. சமணத்தில் உலகுக்கு ஆதியும் இல்லை, படைத்தவரும் இல்லை. ஆறு திரவியங்கள், அதாவது அடிப்படைப் பொருள்கள், என்றென்றும் உள்ளவை, காலச்சக்கரம் ஏறியும் இறங்கியும் சுழல்கிறது.

நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே மானியமாகப் போயிற்று. அங்கே வழிபடப்பட்ட புத்தர், உலகம் நித்தியமா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தவர். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் என்ன மரம் என்று தெரிந்த பிறகே அம்பைப் பிடுங்குவேன் என்றால் செத்துப் போவான் என்றார்.

புகாரில் தொடங்கும் மணிமேகலையில், வஞ்சி நகரில் பல சமயவாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்ல நாயகி கேட்கிறாள். அதில் பூதவாதி (நிலம், நீர் முதலான பூதங்களே எல்லாம் என்பவன்), தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் கலக்கக் கள்ளின் களிப்பு பிறப்பதுபோலப் பூதங்கள் கூட உணர்வு பிறக்கிறது என்கிறான். கடவுள் மறுப்பு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பவர்களுக்கு இந்தப் பகுதியைக் காட்டலாம்.

அறிவியல் நாளைக்கு மாற்றிச் சொல்லிவிடுமே, எதை நம்புவது?

மாற்றிச் சொல்லியிருக்கிறது, அதற்குக் காரணமும் காட்டியிருக்கிறது. 1948-இல் பிரெட் ஹாயில் உள்ளிட்டோர், அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை, அது விரிய விரியப் புதுப் பொருள் முளைத்துக்கொண்டே இருக்கும் என்றார்கள். பெருவெடிப்பு என்ற பெயரை 1949-இல் பிபிசி வானொலியில் வைத்தவரும் ஹாயில்தான். அவரோடு பணியாற்றிய இந்திய வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் அந்த மாற்று வழியைக் கடைசிவரை விடவில்லை. தொலைவில் உள்ள ரேடியோ மூலங்களின் எண்ணிக்கையும் நுண்ணலைக் கதிர்வீச்சும் அந்தக் கோட்பாட்டோடு ஒத்துவராததால் பெரும்பாலோர் கைவிட்டார்கள்.

இன்றைக்கும் சரியாகாத இடம் உண்டு. நுண்ணலை வரைபடத்திலிருந்து கணக்கிட்டால் விரிவு வேகம் 67.4, அருகிலுள்ள வெடிமீன்களை அளந்தால் 73. அளவுப் பிழை என்று தள்ள முடியாத இடைவெளி. அண்டத்தில் சாதாரணப் பொருள் 5 விழுக்காடுதான்; 27 இருள் பொருள், 68 இருள் ஆற்றல், இரண்டும் என்னவென்று தெரியாது. ஆனால் இந்தச் சண்டைகள் எதிலும் “அண்டம் சூடாக இருந்ததா, விரிந்ததா” என்பது கேள்வி இல்லை.

இங்கிருந்தே ஏதாவது பார்க்க முடியுமா?

ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளைப் பார்க்கலாம். 25 லட்சம் ஆண்டுக்கு முன் புறப்பட்ட ஒளி, வெறும் கண்ணுக்கே எட்டும். ஐப்பசி, கார்த்திகையில் உயரமாக இருக்கும், ஆனால் அப்போது நமக்கு வடகிழக்குப் பருவமழை. மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் தோது. தை அமாவாசைக்குக் கோடியக்கரைக்குக் கடலாடப் போகிறவர்கள் முந்தின மாலையே போய்ச் சேர்ந்தால் நிலா இல்லாத இருட்டு தானாகக் கிடைக்கும். சரணாலயக் காட்டுக்குள் போக வேண்டாம், கடற்கரைப் பக்கம், கலங்கரை விளக்கம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள்.

இரவு ஏழரை மணி வாக்கில் வடக்கிலிருந்து சற்று மேற்கே, டபிள்யூ எழுத்தைக் கவிழ்த்தது போல (எம் போல) ஐந்து விண்மீன்கள் தெரியும், அது காசியோப்பியா. அதன் இரண்டு முனைகளில் கூர்மையான முனை காட்டும் திசையில், கையை நீட்டி முஷ்டி மடக்கிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி தூரம் இடப்பக்கம் மேலே போங்கள். மங்கலான பஞ்சுத் திட்டு தெரியும். 7×50 அல்லது 10×50 பைனாகுலர் இருந்தால் நல்லது. தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் கைபேசிதான். ஒருமுறை திரையைப் பார்த்தால் கண் இருட்டுக்குப் பழக மறுபடி இருபது, முப்பது நிமிடம் ஆகும். நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் எடுப்பாகத் தெரியும். தை முடியும்போது வடமேற்கில் இறங்கிவிடும், கடல் ஈரம் மறைத்துவிடும்.

பிள்ளைகளிடம் இதைக் காட்டி “பார், விலகிப் போகிறது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருகிறது, நொடிக்கு ஏறக்குறைய 110 கி.மீ. வேகத்தில். இவ்வளவு அருகில் ஈர்ப்பின் கைதான் ஓங்கியிருக்கும். விரிவு தெரிய வேண்டுமானால் கோடிக்கணக்கான ஒளியாண்டு தள்ளிப் போக வேண்டும். அதற்கு நிறமாலைமானி பொருத்திய பெரிய தொலைநோக்கி தேவை. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று, 2.3 மீட்டர் ஆடியோடு, ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கிறது.